வெஸ்டா அம்மாவின் இடது கை

மேஸ்திரி: ...மூஞ்சியிலேருந்து கையை எடு. எடுத்துட்டு இந்தக் காசைப் பாரு. அம்மா எந்தக் கையில கரண்டி வச்சிருக்கா?

நான்: எந்த அம்மாங்க, மேஸ்திரி?

மேஸ்திரி: உங்க அம்மா! யோவ், காசுல நிக்கிற அம்மா! வெஸ்டா அம்மா! ரோமாபுரி அடுப்பையெல்லாம் காக்குற தாயி! எந்தக் கை?

நான்: அந்தப் பக்கத்துலேருந்து பார்த்தா வலதுங்க.

மேஸ்திரி: அந்தப் பக்கம் சக்கரவர்த்தி இருக்காரு, ஹிலாருஸ்.

நான்: ...அப்ப இடது.

மேஸ்திரி: இடது. சாமிக்கு முன்னாடி நாம இடது கையை நீட்டினாலே அடி விழும். நீ சாமியையே இடது கைக்காரி ஆக்கி வச்சிருக்க. காவல்படைக்குப் போன வெள்ளிக்காசு மொத்தமும் மூட்டையோட திரும்பி வந்துடுச்சு. அபசகுனமாம். வாங்க மாட்டேங்கறானுங்க. சம்பளத்தை வேண்டாம்னு சொன்ன சிப்பாயை நீ எங்கயாவது கண்டிருக்கியா?

நான்: தப்பு என்னுதுதாங்க. நான் இல்லேன்னு சொல்லலை. அச்சுல எல்லாத்தையும் இடவலம் மாத்தி வெட்டணும், அப்பத்தான் காசுல நேரா விழும். அன்னிக்கு... மறந்துட்டேன்.

மேஸ்திரி: பதினெட்டு வருஷமா அச்சு வெட்டுற.

நான்: பதினெட்டு வருஷமா மறக்காம இருந்தேனே, அதையும் கொஞ்சம் கணக்குல...

மேஸ்திரி: முதல் காசு அடிச்சதும் கையில எடுத்துப் பார்த்தியா, இல்லையா?

நான்: பார்த்தேன். மூக்கு நல்லா விழுந்திருக்கேன்னு சந்தோஷப்பட்டேன்.

மேஸ்திரி: ஆங்! மூக்கு. நானே அங்கதான் வரேன். மேலிடத்துல ரெண்டு கேள்வி கேட்டிருக்காங்க. ஒண்ணு கை. இன்னொண்ணு மூஞ்சி.

நான்: மூஞ்சிக்கு என்னங்க குறைச்சல்?

மேஸ்திரி: மகாராணி சாயல் கொஞ்சம் தெரியணும்னு சொன்னேனா, இல்லையா?

நான்: தெரியுதே. காதுல.

மேஸ்திரி: காது முக்காட்டுக்குள்ள இருக்குடா!

நான்: அதான் அவ்வளவு பொருத்தமா இருக்கு.

மேஸ்திரி: விளையாடாத. இது யாரோ உசுரோட இருக்கற பொம்பளை மூஞ்சின்னு மேலிடத்துல சந்தேகப்படறாங்க. யாரைப் பார்த்து வெட்டினே?

நான்: யாரைப் பார்க்கறது? வெஸ்டா அம்மா கோயிலுக்குள்ள ஆம்பளையை விடுவாங்களா? விட்டாலும் அங்க சிலையே கிடையாது. நெருப்பு மட்டும்தான். நெருப்பைப் பார்த்து மூக்கு வைக்க முடியுமா? நானே மனசுல நினைச்சு வெட்டினேன்.

மேஸ்திரி: மனசுல நினைச்ச மூக்கு நுனியில திட்டா இது என்ன?

நான்: அச்சுல சின்ன சிராய்ப்பு.

மேஸ்திரி: மாவு மாதிரி இருக்கு.

நான்: மாவு மாதிரி சிராய்ப்புங்க.

மேஸ்திரி: இதோ பாரு, ஹிலாருஸ். உன்னை எனக்குப் பிடிக்கும். எதுக்குன்னு எனக்கே தெரியலை, ஆனா பிடிக்கும். அதனால தெளிவாச் சொல்றேன். கை தவறி வந்த தப்புன்னா பத்து நாள் துருத்தி ஊதுவ, முடிஞ்சுது. வேணும்னே ஒரு தெருப் பொம்பளை மூஞ்சியைச் சாமிக்கு வச்சிருந்தா, உனக்குக் கல் குவாரி. அந்தப் பொம்பளையையும் இழுத்துட்டு வந்து விசாரிப்பாங்க.

நான்: ...அவளை எதுக்குங்க?

மேஸ்திரி: எவளை?

நான்: எவளையுமே. பொதுவாக் கேட்டேன்.

மேஸ்திரி: அப்படியா. சரி, பொதுவா இதையும் சொல்லு. அம்மாவைத் திருப்ப மறந்துட்ட. பக்கத்துலயே 'வெஸ்டா'ன்னு பேரு வெட்டியிருக்க. அந்த எழுத்து மட்டும் எப்படி நேரா விழுந்துச்சு?

நான்: அது... எழுத்துங்க.

மேஸ்திரி: மறந்தவன் மொத்தமா மறப்பான். நீ பாதிதான் மறந்திருக்க.

நான்: எழுத்தைக் கை தானாவே திருப்பிப் போட்டுடும் மேஸ்திரி, பழகின கை. வெஸ்டா அம்மாதான் கைக்குப் புதுசு.

மேஸ்திரி: ம்... இது கேக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கு. நம்பறதுக்குத்தான்... அங்க என்ன மணிச் சத்தம்? அந்தக் கம்பிச் சன்னல்ல?

நான்: கழுதைங்க. கார்போன்னு பேரு.

மேஸ்திரி: கழுதைக்கு இங்க என்ன வேலை?

நான்: மதியக் கஞ்சி. வெள்ளி வெளிய போயிடும்னு சாயந்திரம் வரைக்கும் எங்களைப் பூட்டி வச்சிருக்கீங்களே. கம்பி வழியாத்தான் வாங்கிக் குடிக்கிறோம். உங்களுக்கு வீட்டுச் சாப்பாடு, தெரிஞ்சிருக்காது.

மேஸ்திரி: யாரு கொண்டு வர்றா?

நான்: யாரோ ஒரு கிழவி. காது கேக்காது. கண்ணும் சரியாத்...

நொவெல்லா: யாருய்யா கிழவி?

நான்: ஐயோ.

நொவெல்லா: கஞ்சி! சூடான பருப்புக் கஞ்சி! இன்னிக்கு வெங்காயம் உண்டு, மீன் சாறு உண்டு, காது கேக்காத கிழவியும் உண்டு! சட்டியை நீட்டுங்க, உளிக்காரரே.

நான்: இன்னிக்கு வேண்டாங்க. வயிறு சரியில்லை. யாருக்கும் சரியில்லை. நீங்க போங்க.

மேஸ்திரி: இரும்மா. போகாதே. இந்த வெளிச்சத்துக்கு வா... இன்னும் கொஞ்சம்... உன் பேரு?

நொவெல்லா: நொவெல்லா. ஆலிவ் கடைக்குப் பின்னாடி ரொட்டி அடுப்பு வச்சிருக்கேன். நீங்கதான் மேஸ்திரி கால்வஸா? கால்வஸ்னா வழுக்கைதானே, தலையைப் பார்த்ததும் நினைச்சேன்.

மேஸ்திரி: என் தலையை விடு. முக்காட்டைக் கொஞ்சம் முன்னாடி இழு. அப்படித்தான்... மூக்கு நுனியில என்ன அது?

நொவெல்லா: மாவு. ரொட்டிக்காரி மூக்குல வேற என்ன இருக்கும், குங்குமப்பூவா?

மேஸ்திரி: ஹிலாருஸ்.

நான்: சொல்லுங்க.

மேஸ்திரி: காசைக் கொடு... ம்... ஏம்மா, இதைப் பாரு. இந்த மூக்கை எங்கயாவது பார்த்திருக்கியா?

நொவெல்லா: அடேயப்பா! எங்க தெரு மூக்கு! எங்க தெருவுல பத்துப் பேருக்கு இதே மூக்குதான். எங்க தாத்தா கொஞ்சம் சுத்துற ஆளு.

மேஸ்திரி: மூக்கு பத்துப் பேருக்கு இருக்கட்டும். கை சொல்லிடும். எனக்கு ஒரு கரண்டி ஊத்து.

நான்: வேண்டாங்க மேஸ்திரி! கஞ்சி கெட்டுப் போச்சு!

நொவெல்லா: விடியக்காலையில வச்ச கஞ்சிய்யா!

நான்: வாடை வருது!

நொவெல்லா: அது கார்போ.

மேஸ்திரி: என் சட்டியை எதுக்குப் பிடுங்கற... டேய்! கீழ போட்டுட்டான் பாரு! போனாப் போகுது, இதோ இன்னொரு சட்டி. நீ அந்த மூலையில உன் மேசைக்குப் போ. போய் உக்காரு. கையைக் கட்டு. ம்... நீ ஊத்தும்மா.

நொவெல்லா: நல்லா நீட்டுங்க. இந்தாங்க.

மேஸ்திரி: இது எந்தக் கை?

நொவெல்லா: என் கைதான்.

மேஸ்திரி: வலதா, இடதான்னு கேட்டேன்.

நொவெல்லா: வலது. வேற எந்தக் கையால சோறு போடுவாங்க? நாளைக்கு வெஸ்டா அம்மா திருவிழா. கழுதைக்கு ரொட்டி மாலை கோத்து வச்சிருக்கேன். நோன்பு நேரத்துல இடது கையால ஊத்தி நான் நரகத்துக்குப் போகணுமா?

மேஸ்திரி: இன்னொரு கரண்டி ஊத்து.

நொவெல்லா: இந்தாங்க. ஒரு சொட்டு கீழ விழுந்துச்சா? ரொட்டி வேணுமா? இதுவும் வலது கைதான். கழுதையைத் தட்டறேன், பாருங்க. இதுவும் வலது.

மேஸ்திரி: போதும், போதும். ஹிலாருஸ், வாயை மூடு, ஈ உள்ள போகுது.

நான்: மூடிட்டேங்க.

மேஸ்திரி: அப்ப நிஜமாவே மறந்துதான் போயிருக்கே.

நான்: அதைத்தானே நான் காலையிலேருந்து...

மேஸ்திரி: பத்து நாள் துருத்தி. அதுக்கப்புறம் புது அச்சு. கரண்டி வலது கையில. நான் பக்கத்துலயே உக்காந்து பார்ப்பேன்.

நான்: மூக்கு?

மேஸ்திரி: மூக்கு... அது இருக்கட்டும். சொல்லக்கூடாது, ஆனா நல்லாத்தான் வந்திருக்கு. பார்த்தா நமக்கும் ஒரு வாய் ஊத்துவான்னு தோணுது. ஏம்மா, கஞ்சி நல்லாருக்கு. நான் மேலிடத்துக்குப் போய் நடந்ததைச் சொல்லிட்டு வரேன். சட்டியில மிச்சம் வை.

நொவெல்லா: பார்த்துப் போங்க மேஸ்திரி... போயிட்டாரா?

நான்: கதவைத் தாண்டிட்டாரு. படி இறங்கறாரு. போயிட்டாரு.

நொவெல்லா: அப்ப இங்க வாங்க, உளிக்காரரே. கிழவி பேசணும்.

நான்: உங்களைக் காப்பாத்தத்தான் சொன்னேன்!

நொவெல்லா: தெரியும். சன்னல் திறந்துதானே கிடக்கு? கழுதையைச் சுவரோரமா நிறுத்திட்டு மொத்தமும் கேட்டேன். மறந்துட்டீங்களாமே?

நான்: ஆமா.

நொவெல்லா: எழுத்து மட்டும் கைப்பழக்கமாமே?

நான்: ஆமா.

நொவெல்லா: என் ரொட்டிக்கு முத்திரைக் கட்டை வெட்டிக் கொடுத்தது யாரு?

நான்: ...நான்.

நொவெல்லா: அதுல என் பேரும் இருக்கு, கோதுமைக் கதிரும் இருக்கு. ரெண்டும் இடவலம் மாத்தித்தான் வெட்டியிருக்கீங்க. ரொட்டியில நேராத்தான் விழுது. ஒரு கதிரைத் திருப்ப மறக்காத மனுசன் ஒரு சாமியைத் திருப்ப மறந்துட்டாரு. இதை மேஸ்திரி நம்பலாம், நான் ரொட்டிக்காரி.

நான்: மெதுவாப் பேசுங்க.

நொவெல்லா: நேராச் சொல்லுங்க, நான் மெதுவாப் பேசறேன்.

நான்: மறக்கலைங்க. அம்மாவையும் திருப்பித்தான் வெட்டினேன்.

நொவெல்லா: ம்.

நான்: வெஸ்டா அம்மாவை வெட்டுன்னு சொன்னாங்க. அவ முகத்தை யாருமே பார்த்ததில்லை. ரெண்டு நாள் உளியை வச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருந்தேன். அடுப்பு, சூடு, பசிக்கிறவனுக்கு ஒரு கரண்டி... இதையெல்லாம் சேர்த்து ஒரு முகம் வைன்னா, எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். அது தினம் மதியம் இந்தக் கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நிக்குது. நிக்கிற மாதிரியே வெட்டிட்டேன். கரண்டி எந்தக் கையில இருந்துச்சோ அந்தக் கையிலயே. மாத்தினா உங்களை மாதிரி இல்லை.

நொவெல்லா: ...மாவையாவது துடைச்சிருக்கலாம்.

நான்: துடைச்சுப் பார்த்தேன். அப்ப மகாராணி மாதிரி ஆயிடுச்சு.

நொவெல்லா: சிரிக்க வைக்காதீங்க, நான் கோவமா இருக்கேன். குவாரிக்குப் போயிருப்பீங்க. தெரியுமா?

நான்: தெரியும். ஆனா ஒரு விஷயம் எனக்கு இன்னும் புரியலை. நீங்க எப்படி வலது கையால...?

நொவெல்லா: எல்லாரும் எப்படியோ அப்படித்தான். கரண்டியைப் பிடிச்சு, மோந்து, ஊத்தணும்.

நான்: இல்லைங்க. மூணு வருஷமா நீங்க இந்தச் சன்னல்ல இடது கையாலதான் ஊத்தறீங்க. பாதி சட்டியில விழும், பாதி கம்பியில, மிச்சம் வாங்கறவன் சட்டை மேல. இன்னிக்கு மேஸ்திரிக்கு ஒரு சொட்டு சிந்தலை!

நொவெல்லா: இன்னிக்குக் கஞ்சி கெட்டி.

நான்: நீங்க இடது கைக்காரியே இல்லையா?

நொவெல்லா: வலது கையில சுளுக்கு இருந்துச்சு.

நான்: மூணு வருஷமாவா?

நொவெல்லா: கார்போ இடிச்சுட்டான்.

நான்: தினமுமா?

நொவெல்லா: அவன் தினமும் இடிப்பான். விடுங்க, நேரமாச்சு. நாளைக்குத் திருவிழா, அடுப்புக்கும் லீவு, கழுதைக்கும் லீவு. கஞ்சி கிடையாது.

நான்: அந்த ரொட்டி மாலை... கார்போ கழுத்துல போடறப்ப, அந்தப் பக்கம் பிடிச்சுக்க யாராவது ஆள் வேணுமா? சும்மா பொதுவாக் கேக்கறேன். கழுதை மேல எனக்கு ஒரு மரியாதை உண்டு.

நொவெல்லா: கழுதையைக் கேட்டுச் சொல்றேன்.

நான்: நொவெல்லா.

நொவெல்லா: என்ன?

நான்: நான் நேராச் சொல்லிட்டேன். பதினெட்டு வருஷமா எல்லாத்தையும் திருப்பியே வெட்டுற ஆளு, ஒரு தடவை மனசுல இருந்ததை நேராக் காசுல வச்சேன், ஒரு தடவை நேராச் சொன்னேன். நீங்களும் ஒரே ஒரு பதில் நேராச் சொல்லுங்க. இந்தச் சன்னல்ல மட்டும் ஏன் இடது கை?

நொவெல்லா: ...உன் மேசை அந்த மூலையில இருக்கு. வலது கையைத் தூக்கினா, முழங்கை மறைச்சு என் மூஞ்சி உனக்குத் தெரியாதே.