ஏழாவது பக்கவிளைவு

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன் மேடம். அந்தத் தாளில் ஓர் எழுத்துப்பிழைகூடக் கிடையாது. நீங்கள் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி, பூதக்கண்ணாடி வைத்தே பாருங்கள். இருபத்திரண்டு வருஷமாக இந்த அச்சகத்தில் பக்கம் அமைக்கிறேன். காலண்டரில் பிப்ரவரிக்கு முப்பது நாள் போட்டவர்கள்கூட இந்தத் தொழிலில் உண்டு. என்னை அப்படி யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. அதனால்தான் எங்கள் முதலாளி உங்களிடம், "கம்ப்யூட்டர்ல ஃபைல் மாறிப்போச்சு மேடம்" என்று சொன்னபோது எனக்குச் சுருக்கென்று இருந்தது. ஃபைல் எதுவும் மாறவில்லை. அந்த நாற்காலி ஆடும், இதில் உட்காருங்கள். சொல்கிறேன்.

மாத்திரைப் பெட்டிக்குள் எட்டாக மடித்து ஒரு தாள் இருக்குமே, பக்கவிளைவுகளையெல்லாம் பொடி எழுத்தில் போட்டு, அதை அமைப்பது என் வேலை. அதை யாரும் படிப்பதில்லை. பெட்டியைப் பிரித்ததும் முதலில் குப்பைக்குப் போவது அதுதான். நானே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அமைத்த தாளை, என் கண்ணெதிரே ஒருவர் காது குடைந்து எறிந்ததைப் பார்த்திருக்கிறேன். என்னத்தைச் சொல்ல.

ஆனால் என் மனைவி படிப்பாள். தெருவில் அவளுக்கு நோட்டீஸ் அக்கா என்றே பேர். கையில் கிடைத்த எதையும் முழுதாகப் படிக்காமல் கீழே வைக்கமாட்டாள், படித்ததை நம்பாமலும் இருக்கமாட்டாள். இரத்தக் கொதிப்புக்கு டாக்டர் முதல் மாத்திரையை எழுதிக் கொடுத்தார். அன்று சாயங்காலமே தலைவலி. மறுநாள் வாய்க்கசப்பு. அதற்கு மறுநாள் கால் குடைச்சல். தாளை எடுத்துப் பார்த்தேன். அதே வரிசை. ஒரு நாள் நாலாவதைத் தாண்டி ஐந்தாவது வந்துவிட, "நாலாவது எங்கே போச்சு? உள்ளயே தங்கிடுச்சா?" என்று கலங்கிப்போனாள். கடைசி வரி ஆண்களுக்கு மட்டும் வரக்கூடிய ஒரு தொந்தரவு. அதையும் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் மாத்திரையை நிறுத்தினாள்.

இரண்டாவது மாத்திரை ஒன்பது நாள் ஓடியது. மூன்றாவது நாலு நாள். டாக்டர் பொறுமைசாலி. அவரே ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நூத்தித் தொண்ணூறுல நிக்குது. இப்படியே விட்டா ஒருநாள் கை கால் விழுந்துடும், அப்புறம் என்கிட்ட அழுது பிரயோஜனம் இல்ல" என்றார். அவளிடம் சொன்னேன். சிரித்தாள்.

"அவர் வாயால சொல்றாருங்க. வாய்க்கு என்ன, இன்னைக்கு ஒண்ணு சொல்லும், நாளைக்கு ஒண்ணு சொல்லும். இது அச்சுல வந்திருக்கு."

அச்சு என் தொழில். உண்மையைச் சொன்னால், அதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

நாலாவது மாத்திரை எங்கள் அச்சகத்தில் தாள் அச்சடிக்கும் கம்பெனியுடையது. நான் அமைத்த தாள். அன்றைக்கு மதியம் எல்லாரும் சாப்பிடப் போனதும் அதைக் கம்ப்யூட்டரில் திறந்தேன். எனக்கு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை மேடம். தலைவலி, வாய்க்கசப்பு, மயக்கம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் போதும் என்றுதான் நினைத்தேன். எடுத்ததும் நடுவில் வெள்ளையாக ஒரு பொட்டல் விழுந்தது. இடத்தைச் சும்மா விடுவது எங்கள் தொழிலில் அசிங்கம். அதனால் நிரப்பினேன். நல்ல தூக்கம் வரலாம். மூட்டுகள் இலகுவாகலாம். முகம் தெளியலாம். ஒரே ஒரு பிரதி எடுத்து, எட்டாக மடித்து, பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தேன்.

மறுநாள் அவள் எட்டு மணி வரை தூங்கினாள். மூன்றாம் நாள் மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறினாள். ஒரு மாதத்தில் இரத்த அழுத்தம் நூற்று முப்பதுக்கு வந்துவிட்டது. "என்னய்யா மாயம் பண்ணினே?" என்று டாக்டர் கேட்டார். "படிக்க வச்சேன் டாக்டர்" என்றேன். பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

அடுத்த மாதப் பெட்டிக்கும் தாள் வேண்டுமே. ஒரு வேலையைத் திரும்பச் செய்யும்போது கொஞ்சம் மெருகேற்றத் தோன்றும், உங்களுக்கும் தெரிந்திருக்கும். இரண்டாம் பதிப்பில், கணவர் வீட்டாரிடம் பிரியம் கூடலாம் என்று ஒரு வரி சேர்த்தேன். என் அக்காவோடு அவளுக்கு ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. வெள்ளிக்கிழமை அவளாகவே போன் போட்டு, நாத்தனாரை முக்கால் மணி நேரம் நலம் விசாரித்தாள். உடனே அக்கா எனக்குக் கூப்பிட்டாள். "டேய், அவளுக்கு உடம்பு ரொம்ப முடியலையாடா? எங்கிட்ட மறைக்காதே." மூன்றாம் பதிப்பில், கணவர் சொல்வது சரியென்று தோன்றலாம் என்று போட்டேன். நம்பும்படி இருக்கவேண்டும் என்பதற்காக, அடைப்புக்குறிக்குள் 'மிக அரிதாக' என்றும் போட்டேன். மிக அரிதாகத்தான் தோன்றியது. வாக்குத் தவறவில்லை.

ஏழாவது வரிக்கு வருகிறேன். நீங்கள் அதைச் சிவப்பில் சுழித்து வைத்திருப்பதை உட்கார்ந்தபோதே பார்த்துவிட்டேன். கம்பெனி கொடுத்த வாசகம் இதுதான்: 'உதடு, நாக்கு, முகம் வீங்கினால் மருந்தை உடனே நிறுத்தி, மருத்துவமனைக்கு விரையவும்.' தடித்த எழுத்து, சுற்றிலும் கட்டம். இதை என் மனைவி படித்தால் என்ன ஆகும்? காப்பி ஆறுவதற்குள் நாக்கு வீங்கிவிடும், மாத்திரை நின்றுவிடும், மறுபடி நூற்றுத் தொண்ணூறு. ஆகவே முதல் பதிப்பிலேயே இப்படி மாற்றினேன்: 'உதடும் முகமும் சற்றுப் பூரிப்பாகத் தெரியலாம். இளமை திரும்புவதன் அறிகுறி. மருந்தைத் தொடரவும்.' கட்டத்தை எடுக்கவில்லை. கட்டம் கம்பெனி வடிவமைப்பு, அதில் கைவைக்க எனக்கு உரிமை கிடையாது.

ஐந்தாவது மாதத்திலிருந்து தாள் மாற்றும் வேலை எனக்கு இல்லாமல் போனது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை. நான் வேலைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். உள்ளறையிலிருந்து கூப்பிட்டாள்.

"ஏங்க, இங்க வாங்களேன். ஏழாவது வந்துடுச்சு."

கண்ணாடிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். மேலுதடு மூக்கைத் தொட்டுக்கொண்டிருந்தது. "நம்ம கல்யாணத்தப்போகூட நான் இப்படி இல்லல்ல?" என்றாள். படம் எடுக்கச் சொன்னாள், எடுத்தேன். அதை என் அக்காவுக்கு அனுப்பினாள். 'மருந்து பேர் என்ன' என்று அக்காவிடமிருந்து உடனே பதில் வந்தது. பிறகு அவள் டீயைக் குடிக்கப் போனாள். டீ உள்ளே இறங்காமல் கடைவாயில் வழிந்தது. ஏதோ சொன்னாள், எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை.

அந்த வரியின் பழைய வாசகம் தெரிந்தவன் அந்த அறையில் நான் ஒருவன்தான். "ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டு போயிட்டு வரலாமா?" என்று கேட்டேன். அவள் தாளை எடுத்து, ஏழாவது வரியின் கடைசிச் சொல்லில் விரலை வைத்துக் காட்டினாள். தொடரவும்.

"இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அச்சகத்துக்கு வந்தேன்.

போக ஏழு நிமிஷம். திருத்தத் தாள் ஒன்று அமைத்து அச்செடுக்க நாலு நிமிஷம். திரும்ப ஏழு. 'திருத்தம்: ஏழாவது வரியில் தொடரவும் என்பதை, உடனே நிறுத்தி மருத்துவமனைக்கு விரையவும் என்று திருத்தி வாசிக்கவும்.' அந்த அவசரத்திலும் தலைப்பை நடுவில் வைத்திருந்தேன். நான் வந்தபோது அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மூச்சு விசில் மாதிரி வந்துகொண்டிருந்தது. வாங்கி முழுவதும் படித்தாள். மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். பிறகுதான் எழுந்து ஸ்கூட்டரில் ஏறினாள்.

"இன்னும் பத்து நிமிஷம் லேட்டாகியிருந்தா..." என்றார் டாக்டர். வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்காத வாக்கியம் எனக்குப் பிடிக்காது, ஆனாலும் நான் கேட்கவில்லை. வராந்தாவில் நின்று அழுதேன்.

வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். அவள் என் வாயை நம்பமாட்டாள் மேடம், இருபத்தாறு வருஷ அனுபவத்தில் சொல்கிறேன். சொல்லிப் பார்த்தாயா என்றால், இல்லை. அவள் போய்விடுவாளோ என்று ஒரு பயம், தாள் என்னுடையது என்று தெரிந்துவிடுமோ என்று ஒரு பயம். ஸ்கூட்டரில் போகும்போது இரண்டில் எது பெரியது என்று எனக்கே தெரியவில்லை. இப்போது அவள் நன்றாக இருக்கிறாள். அந்தத் திருத்தத் தாள்தான் தன்னைப் பிழைக்க வைத்தது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டுகிறாள். நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

சரி, நீங்கள் கொண்டுவந்திருக்கும் பதினேழு கடிதங்களுக்கு வருவோம். ஒரு பெண்மணி நாத்தனாரோடு சமாதானமாகிவிட்டதாகக் கம்பெனிக்கு நன்றி எழுதியிருக்கிறார். ஒரு பெரியவர், கணவர் சொல்வது சரியென்று அடிக்கடி தோன்றுவதாகவும், ஆனால் தனக்குக் கணவர் யாரும் இல்லை என்றும் எழுதியிருக்கிறார். அவர் கண்ணில் 'மிக அரிதாக' படவில்லை போலிருக்கிறது. மூன்று பேர் வீங்கின முகத்தோடு படம் அனுப்பியிருக்கிறார்கள். மூன்று பேரும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்றாவது மாதம் அந்தத் தாள் இருபதாயிரம் பிரதி மறு அச்சுக்கு வந்தது. நான் யோசித்துப் பார்த்தேன். நூற்றுத் தொண்ணூறு நூற்று முப்பதாவதை என் கண்ணால் கண்டவன் நான். இந்தப் பலன் ஒரு வீட்டோடு நின்றுபோவது நியாயமா? என் தாளை நானே மெஷினில் ஏற்றினேன். எந்த ஃபைலும் மாறவில்லை, மெஷின் ஓட்டுகிறவருக்கும் இதில் சம்பந்தம் இல்லை. ஐந்தாவது மாதம் தாளை மாற்றுவதற்காக அவளுடைய பெட்டியைப் பிரித்தேன், உள்ளே என் தாளே இருந்தது. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது.

எழுதிக்கொண்டீர்களா? மெதுவாகவே எழுதுங்கள், அவசரமில்லை. அந்த மாத்திரையைத் திரும்பப் பெறும் அறிவிப்பும் நேற்று எங்களிடம்தான் அச்சுக்கு வந்தது. எல்லா மருந்துக் கடைக்கும் போக வேண்டியது. முதலாளி வழக்கம்போல் என்னிடம்தான் கொடுத்தார். 'உயிருக்கு ஆபத்து, உடனே நிறுத்தவும்' என்று மூன்று இடத்தில் போட்டிருந்தார்கள். இதை நோட்டீஸ் அக்கா மாதிரி ஒருவர் படித்தால் நின்ற இடத்திலேயே மயங்கி விழுந்துவிடுவார். மூன்று இடத்திலும் 'சௌகரியப்பட்டபோது டாக்டரைக் கேட்டுக்கொள்ளவும்' என்று போட்டேன். வரி கச்சிதமாக உட்கார்ந்தது. நீங்கள் உள்ளே வருவதற்குக் கால்மணி நேரம் முன்னால்தான் வண்டி கிளம்பியது.

ஏன் மேடம் எழுந்துவிட்டீர்கள்? நான் இன்னும் கையெழுத்தே போடவில்லையே.