எங்கள் குடியிருப்பின் நான்கு நல்ல சக்கரங்கள்

போதிய காலம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். இனி முடியாது. இதை லோம் காவல் நிலையத்தில் ஒருமுறை நேரில் சொன்னேன். நான் சொன்னது ஒன்று, அங்கே பதிவானது வேறொன்று. ஆகவே மொன்தானா மாவட்ட அரசு வழக்கறிஞரின் பார்வைக்கு, என் கைப்பட, நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

பெயர்: கடைசியில் எழுதுகிறேன். வயது: ஐம்பத்து நான்கு. படிப்பு: இயந்திரப் பொறியியல். தொழில்: உயர்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். முகவரி: லோம் நகரம், துறைமுகத்துக்கு மேலே உள்ள எட்டு மாடிக் குடியிருப்பு, இரண்டாம் வாசல், நான்காம் மாடி.

நான் மேற்படி முகவரியில் என் மனைவி த்ஸ்வெதானாவுடன் வசித்து வருகிறேன். எங்களிடம் லிரா வகைக் கார் ஒன்று உண்டு. இத்தாலியில் ஓடித் தேய்ந்த லிராக்களை லாரியில் ஏற்றிவந்து விற்பவர் மூன்றாம் மாடியில் வசிக்கும் காமென் என்பவர். எங்கள் குடியிருப்பில் பாதிப் பேர் அவரிடம்தான் கார் வாங்கினார்கள், நானும் அப்படியே. லிராவுக்கு ஒரு பிறவிக் கோளாறு உண்டு. முன்சக்கரங்கள் லேசாகச் சாய்ந்து ஓடுவதால் டயரின் உட்பக்கம் மட்டும் தேயும். வெளிப்பக்கம் பார்த்தால் புதிதுபோல இருக்கும். குனிந்து உள்ளே பார்த்தால் மொட்டையாக இருக்கும். இது வாங்கிய முதல் குளிர்காலத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

அதன் பிறகு, கார் சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் முதல் ஆண்டுச் சோதனைக்கு நான் காரைக் கொண்டுபோனேன். டயரில் தோற்றது. மறு ஆண்டு முன்பக்க மூட்டில் தோற்றது. அதற்கடுத்த ஆண்டு கை பிரேக்கில் தோற்றது. ஒவ்வொரு முறையும் பழுது பார்த்து மறுபடி கொண்டுபோய்த்தான் கண்ணாடியில் ஒட்டும் தேர்ச்சி வில்லையை வாங்கினேன். இதே காலத்தில் மாவட்ட வாரப் பத்திரிகை, ஆண்டுச் சோதனையில் முதல் தடவையிலேயே தேறும் பழைய கார்களில் எங்கள் ஊரில் லிராவே முதலிடம், நூற்றுக்குத் தொண்ணூற்றேழு தேறுகிறது என்று எழுதியது. காமென் அதை வெட்டி மின்தூக்கிக்குள் ஒட்டினார். பொறியியல் படித்தவன் நான், அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே தினமும் நான்கு மாடி ஏறினேன், இறங்கினேன்.

அது எப்படித் தொண்ணூற்றேழு என்பதைச் சொல்கிறேன். எங்கள் அடித்தளத்தில், ஊறுகாய்ப் பீப்பாய்கள் வைக்கும் அறைக்குப் பக்கத்தில், நான்கு நல்ல சக்கரங்கள் இருக்கின்றன. லிராவுக்குப் பொருந்துபவை. கூடவே ஒரு தீயணைப்பான், ஒரு முதலுதவிப் பெட்டி, ஒரு முக்கோணப் பலகை. யாருக்குச் சோதனை வருகிறதோ அவர் அடித்தளச் சாவியை வாங்கி, ஜாக்கி வைத்து, தன் சக்கரங்களைக் கழற்றி இவற்றை மாட்டிக்கொண்டு போவார். வில்லையோடு திரும்பியதும் பழையபடி மாற்றிவிட்டு, பீப்பாய் மேல் ஒரு புட்டி ரக்கியாச் சாராயம் வைத்துவிட்டுப் போவார். அடுத்த வாசல்காரர்களும், பிறகு அடுத்த தெருக்காரர்களும் வாங்கிப்போகத் தொடங்கினார்கள். ஊரில் இதைத் தப்பு என்று நினைத்தவர் எவரும் இல்லை. பண்டிகைக்குப் பெரிய அண்டாவை இரவல் வாங்குவதுபோல வாங்கினார்கள்.

சோதனை நிலையத்து ராத்கோவுக்கும் இது தெரியும். மூன்றாம் முறை என் கார் தோற்றபோது அவர் என்னிடம், "ஏன் வாத்தியாரே, உங்க கட்டடத்துலதான் நல்ல சக்கரம் கிடக்கே, அந்தப் பெட்டியையும் தூக்கிப் போட்டுக்கிட்டு வந்திருக்கலாம்ல? சக்கரம் புதுசா இருந்தா நான் மத்ததெல்லாம் இவ்வளவு நோண்ட மாட்டேன். எனக்கும் வேலை மிச்சம்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அக்கறையோடு சொன்னார். என் மனைவியும் வீட்டில், "உங்க நேர்மைக்காக நான் ரெண்டு வாரமா பஸ்ல போய்க்கிட்டு இருக்கேன்," என்றாள். காமென் வாசலில் எல்லோர் முன்னிலையிலும், "கார் மேல குத்தம் இல்ல வாத்தியாரே. அது உங்க மூஞ்சியப் பாத்துட்டு அப்படியே நின்னுடுது," என்றார். அனைவரும் சிரித்தார்கள்.

அதன் பிறகு சென்ற கோடையில் அடித்தளக் கதவு துருப்பிடித்திருந்தது. யாரும் முன்வராததால் நானே நீல வண்ணம் வாங்கி அடித்தேன். அடிக்கும்போது டப்பா சரிந்து அந்தச் சக்கரங்களில் ஒன்றின் விளிம்பில் வண்ணம் கொட்டி, விரல் அகலத்துக்கு வளைந்த ஒரு தீற்றாக உறைந்துவிட்டது. இதற்கும் திட்டு வாங்கினேன். கதவுக்கு நன்றி சொன்னவர் ஒருவரும் இல்லை. இந்த நீலத் தீற்றைத் தாங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

அதன் பிறகு இந்த இலையுதிர்காலத்தில் அல்பேனா என்ற பெண் காமெனிடம் ஒரு லிரா வாங்க வந்தார். அவர் கிராமங்களில் தனியாக இருக்கும் முதியவர்களின் வீடுகளுக்குப் போய் மருந்து கொடுத்து, குளிப்பாட்டி, ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகும் பணியாளர். கார் இல்லாமல் அந்த வேலை இல்லை. காமென் அவர் பேரில் சோதனை முடித்து, புது வில்லை ஒட்டி வைத்திருந்தார். நான் பள்ளியிலிருந்து வந்தபோது கார் வாசலில் நின்றது. நான்கு சக்கரங்களில் எதிலும் நீலத் தீற்று இல்லை. எனவே சோதனை முடிந்ததும் நல்ல சக்கரங்களைக் கழற்றிப் பழையவற்றை மாட்டிவிட்டார்கள் என்று அறிந்தேன்.

நான் அல்பேனாவிடம், "ஸ்டியரிங்கை முழுசாத் திருப்பிட்டுக் குனிஞ்சு டயரோட உள்பக்கம் பாரும்மா," என்றேன்.

அவர் காமெனைப் பார்த்தார். காமென், "பாரும்மா, நல்லாப் பாரு. லோம்ல சோதனையில தோத்த லிரா ஒண்ணே ஒண்ணுதான், அந்த மகராசன் இவருதான். இவர் பேச்சக் கேட்டா நீ கழுதைதான் வாங்கணும்," என்றார்.

அல்பேனாவுக்கு முகம் சிவந்துவிட்டது. என்னிடம், "இல்ல சார், வில்லை இந்த வாரம்தான் ஒட்டியிருக்காங்க. நீங்க சொன்னதுக்கு ரொம்ப நன்றி," என்றார். குனியவில்லை. விற்றவர் எதிரிலேயே குனிந்து பார்த்துச் சந்தேகப்படுவது அவருக்கு மரியாதைக் குறைவாகப் பட்டிருக்க வேண்டும்.

அதன் பிறகு காமெனின் மனைவி செம்புப் பானையில் தண்ணீரும் அதில் ஒரு செவ்வந்திப் பூவும் கொண்டுவந்து, கார் நகரும்போது அதன் முன்னால் ஊற்றினார். எல்லாம் தண்ணீர் ஓடுவதுபோல வழுக்கிக்கொண்டு போகட்டும் என்று எல்லோரும் வாழ்த்தினார்கள். நான் மாடியேறிப் போய்விட்டேன்.

அதன் பிறகு முதல் நல்ல மழையில், வால்நட் மரங்கள் நிற்கும் கிராமச் சாலையின் வளைவில் மேற்படி கார் சறுக்கி மரத்தில் மோதியது. அல்பேனாவுக்குக் காயம் இல்லை. பக்கத்து இருக்கையில் இருந்த ஸ்டோயான் என்ற முதியவருக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. அவரை அல்பேனா கண் சிகிச்சைக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தார். போலீசார் டயர்களைப் பார்த்தார்கள். உட்பக்கம் கம்பி தெரிந்தது. காமென், தான் நல்ல டயர்களோடுதான் விற்றதாகவும், சோதனையின்போது நிலையத்தில் எடுத்த படமே அதற்குச் சாட்சி என்றும், அந்தப் பெண் நல்ல டயர்களை விற்றுவிட்டு மொட்டை டயர்களை மாட்டியிருப்பார் என்றும் சொன்னார். இப்போது அல்பேனா மீது, தெரிந்தே பழுதான வண்டியை ஓட்டி ஒருவரைப் படுக்கையில் தள்ளியதாக வழக்கு. உரிமம் போனால் வேலை போகும். நிரூபணமானால் சிறை.

இதைக் கேட்டு நான் காவல் நிலையம் போனேன். விசாரணை அதிகாரி குனேவ் தட்டச்சு செய்தார். நான் சக்கரங்களைப் பற்றிச் சொன்னேன். அவர், "அதை அப்புறம் பாக்கலாம் சார். மொதல்ல கார் நிறுத்துற இடத்துக்காக உங்களுக்கும் காமெனுக்கும் தகராறாமே?" என்றார். ஆம் என்றேன். "குடியிருப்பு நிர்வாகி தேர்தல்ல அவரு உங்களத் தோக்கடிச்சாராமே?" என்றார். ஆம் என்றேன். "அவரு நாயி குரைக்குதுன்னு நகராட்சிக்கு எழுதிப் போட்டீங்களா?" என்றார். அதுவும் உண்மையே. ஜன்னலுக்கு வெளியே முற்றத்தில் ஒரு லிரா நின்றிருந்தது. அது யாருடையது என்று கேட்டேன்.

"என்னோடதுதான் சார். சும்மா சொல்லக்கூடாது, ஒரு தடவகூட ஃபெயிலானதில்ல," என்றார்.

அதன் பிறகு கையெழுத்துக்காக என்னிடம் நீட்டிய தாளில் கார் நிறுத்தும் இடம் இருந்தது, தேர்தல் இருந்தது, நாய் இருந்தது. 'சாட்சிக்கும் காமெனுக்கும் முன்விரோதம் உண்டு' என்று இருந்தது. சக்கரங்களைப் பற்றி, 'பொதுப் பயன்பாட்டுக்கான சில பொருட்கள் அடித்தளத்தில் இருப்பதாகச் சாட்சி கருதுகிறார்' என்று ஒரே ஒரு வரி இருந்தது. கருதுகிறேனாம். அந்தத் தாளில் நான் கையெழுத்திட மறுத்து வெளியே வந்தேன்.

ஆகவே கேட்டுக்கொள்வது இதுதான். ஒவ்வொரு சோதனையின்போதும் நிலையத்தில் காரைப் படம் எடுக்கிறார்கள். அந்தப் படங்கள் தலைநகர் சோஃபியாவுக்குப் போய்விடுகின்றன, லோமில் உள்ள எவராலும் அவற்றைத் தொட முடியாது. சென்ற கோடைக்குப் பிறகு இங்கே தேறிய லிராக்களின் படங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். வெள்ளை லிரா, சிவப்பு லிரா, அதிகாரியின் சாம்பல் நிற லிரா, அல்பேனாவின் லிரா. எல்லாவற்றிலும் ஏதோ ஒரு சக்கரத்தில் அதே நீலத் தீற்று இருக்கும். சக்கரத்தை இந்நேரம் அவர்கள் கழுவியிருக்கலாம். படத்தைக் கழுவ முடியாது. விபத்தில் சிக்கிய காரில் அந்தத் தீற்று இல்லை. அந்தச் சக்கரங்களை அந்தப் பெண் விற்கவும் இல்லை, அவை எங்கள் அடித்தளத்தில்தான் இருக்கின்றன.

இதனால் எங்கள் குடியிருப்பிலுள்ள எல்லாக் கார்களையும் மறுசோதனைக்குக் கூப்பிடுவீர்கள் என்பதும், மின்தூக்கியில் என்னோடு யாரும் ஏறமாட்டார்கள் என்பதும், த்ஸ்வெதானா என்ன சொல்வாள் என்பதும் எனக்குத் தெரியும்.

மேலே எழுதியவை நான் கண்டவையும் என் காதால் கேட்டவையும் மட்டுமே. கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. இந்த இடத்தில் கையெழுத்திடுவதற்காகப் பேனாவை எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன். பெயர் இருந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். மறுபடி கார் நிறுத்தும் இடம், மறுபடி தேர்தல், மறுபடி நாய். கூப்பிட ஆள் இல்லையென்றால் படங்களைத்தான் கூப்பிட வேண்டும். லோமில் யார் கையில் இது கிடைத்தாலும், சோதனையில் தோற்ற ஒரே லிரா யாருடையது என்று பார்த்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். கண்டுபிடிக்கட்டும். மேலே பெயரைக் கடைசியில் எழுதுவதாகச் சொன்னதை அப்படியே விட்டு, உறையை ஒட்டி, நாளை காலை பள்ளிக்குப் போகும் வழியில் தபாலில் போடுகிறேன். கையெழுத்தில்லாத தாளுக்கு முன்விரோதம் கிடையாது.