கிணறு முழித்துக்கொள்ளாத மோட்டார்

திருமலைராயன்பட்டினத்தில் ஏறி என் முன் இருக்கையில் உட்கார்ந்த பெண், பேருந்து கிளம்பியதும் கணவரிடம் சொன்னார்:

“கெணறு முழிச்சுக்காத மோட்டாரா பாத்து வாங்குங்க.”

“ஒரு எச்.பி. போட்டா பத்து நிமிஷத்துல டேங்க் ரொம்பிடும்டி.”

“பக்கத்து வீட்ல அதத்தானே போட்டாங்க? மேல கெடந்த நல்ல தண்ணிய ஒரே இழுப்புல இழுத்துடுச்சு. அடியில தூங்கிட்டிருந்த உப்புத்தண்ணி எந்திரிச்சு வந்துடுச்சு. இப்ப கொடத்தோட நம்ம கெணத்துக்குத்தான் வர்றாங்க.”

அரசலாற்றுப் பாலத்தில் கடல்காற்று உள்ளே வந்தது. கணவர் ஆற்றைப் பார்த்தபடியே சொன்னார்:

“அரை எச்.பி.ன்னா ரொம்ப நேரம் ஓடணுமே.”

“ஓடட்டும். நான் வாளியக்கூட சத்தம் கேக்காமத்தான் விடுவேன்.”

காரைக்காலில் இறங்க எழுந்தபோது, கிணறு எங்கோ பின்னால் இருந்தும், கணவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“சரி, அரையே வாங்கிடுவோம்.”