கல்லில் காலியாக விட்ட இடம்

பெருமதிப்பிற்குரிய தலைவர் ஹார்லன் அவர்களே! விதைப்புக் காலத்திலும் டிராக்டரை நிறுத்திவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே! அடுப்பில் ஆப்பிள் 'பை' பலகாரம் வேகும்போதே அதைக் கணவன்மாரிடம் ஒப்படைத்துவிட்டுத் துணிந்து வந்திருக்கும் தாய்மார்களே! எல்க்ஃபோர்ட் வட்டார வம்சாவளிச் சங்கத்தின் வெள்ளிவிழாவில் உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

நாடாண்டவர் கதையை எழுத நூறு பேர் உண்டு. நம் அயோவா மண்ணை உழுதவர் கதையை எழுத யார் உண்டு? நான்கே பேர் முன்வந்தார்கள்! வாளியும் தூரிகையும் தூக்கி, கல்லறை கல்லறையாக நடந்தார்கள். கண்ணாடியால் வெயிலைத் திருப்பி, தேய்ந்த எழுத்தைத் தேடித் தேடிப் படித்தார்கள். பதினேழு கல்லறைத் தோட்டங்கள்! ஒரே புத்தகத்தில் ஒன்பதாயிரம் பெயர்கள்! ஒரே ஒரு பிழை!

என்ன ஹார்லன், இருமுகிறீர்கள்? சரி, ஒரே ஒரு பெரிய பிழை.

கணவர் போய்விட்டால், அவர் கல்லறைக் கல்லிலேயே மனைவியின் பெயரையும் பிறந்த ஆண்டையும் வெட்டிவைத்து, இறந்த ஆண்டுக்கு இடம் விடுவது நம் வழக்கம். ஆர்வில் டெய்க்கின் கல்லில் அவர் மனைவி டெல்ஃபாவுக்கு அப்படி விட்ட இடத்தை, எழுத்து அழிந்துபோன இடம் என்று நினைத்துவிட்டார் நம் செயலாளர் மெர்ல். 'இறந்துவிட்டார், ஆண்டு தெரியவில்லை' என்று புத்தகத்தில் அச்சேற்றியும் விட்டார். அந்த அம்மையாரோ பக்கத்து வட்டத்தில் தக்காளி பயிரிட்டுக்கொண்டிருந்தார்!

மூன்றாண்டுக்கு முன், நினைவு நாளன்று கணவருக்குப் பூ வைக்கப் போனவர், தன் பெயருக்குக் கீழே ஏற்கெனவே பூ இருப்பதைக் கண்டார். கூடவே ஒரு சீட்டு. 'அம்மா, உங்களை நூலகப் புத்தகத்தில் கண்டுபிடித்தேன். தாமதமாக வந்துவிட்டேன். உங்கள் மகள்.'

நேரே நம் நூலகத்துக்கு வந்தார்.

"ஏம்ப்பா, என்னைக் கொன்னது யாரு?"

மெர்ல் எழுந்து நின்றார். "நான்தாம்மா போலிருக்கு."

"பதினெட்டு வயசுல பெத்து, பத்தே நாள்ல தத்துக் குடுத்துட்டேன். அவ என்னைத் தேடுவான்னு நெனச்சதே இல்ல. எனக்கு எழுபத்திமூணு ஆச்சுப்பா. நீ எழுதினது நிஜமாகறதுக்குள்ள அவளைக் கண்டுபிடிச்சுக் குடு."

இதைச் சொல்ல டெல்ஃபா அம்மாவே அனுமதி தந்தார். "சொல்லு, இந்த வயசுல எனக்கென்ன வெட்கம்?" என்றார்.

சீட்டில் பெயரில்லை, முகவரியில்லை. ஆனால் யாரைத் தேடி வந்தீர்கள் என்று நூலகப் பதிவேட்டில் எழுதாமல் எந்த விருந்தாளியையும் நாம் விட்டதுண்டா? புரட்டினார் மெர்ல். டெல்ஃபாவைத் தேடியவர் ஜோயெட்டா, மாநிலம் ஓரிகன். தொலைபேசி எண்ணும் இருந்தது.

"எல்க்ஃபோர்ட் வம்சாவளிச் சங்கத்துலேர்ந்து மெர்ல் பேசறேம்மா. எங்க புத்தகத்துல ஒரு தப்பு நடந்துபோச்சு."

"என்ன தப்பு?"

"உங்க அம்மா என் பக்கத்துல நிக்கறாங்க. ஃபோனைக் குடுக்கட்டுமா?"

டெல்ஃபா அம்மா ஃபோனைக் கையில் வாங்கிக்கொண்டார். மெர்ல்தான் அழுதார். மறுக்காதீர்கள் மெர்ல், நான் பார்த்தேன்!

அன்று முதல் காலி இடத்தைக் கண்டால் காலி என்றே எழுதுகிறோம். கதவைத் தட்டிக் கேட்கிறோம். பிழையை மறைத்தோமா? இல்லை! ஒன்பதாயிரம் பெயரையும் மறுபடி சரிபார்த்தோம். இன்னும் பதினோரு பேர் உயிரோடு கிடைத்தார்கள்! தன் தவறைத் தானே தேடிப்போன இந்தச் சங்கத்தை நான் தலைவணங்கிப் போற்றுகிறேன்.

முதல் வரிசையில் கைகோத்து அமர்ந்திருக்கும் டெல்ஃபா அம்மாவே! ஜோயெட்டாவே! நேற்று நான் அந்தக் கல்லைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். அந்த இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது. கல்லில் எழுத்து வெட்டும் அன்பருக்குச் சொல்கிறேன், அவசரமே இல்லை ஐயா!

பொறுமையாகக் கேட்டீர்கள், நன்றி. எல்லோரும் நெடுநாள் வாழ்க, வணக்கம்.