குளுக்கோஸ் போணி

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால் தென்காசியில் யாருக்கும் வேலை ஓடாது, மேடம். கடைக்காரர் கல்லாவில் உட்கார்ந்தபடி மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். பேங்கில் போய் நின்றால், அருவியில் தண்ணீர் எப்படி என்று கேட்டுவிட்டுத்தான் பாஸ்புக்கைக் கையில் வாங்குவார்கள். உங்களுக்கு இது இங்கே முதல் சீசன் என்று ஏட்டம்மா சொன்னார். போகப் போகப் பழகிவிடும்.

நேற்று என்னை ஸ்டேஷனுக்குச் சாட்சியாகக் கூப்பிட்டு, கனெக்ஷன் என்றால் என்ன என்று விளக்கச் சொன்னீர்கள். நான் பாதிதான் சொன்னேன். மீதியைச் சொல்ல இன்று நானாகவே வந்திருக்கிறேன். அவசரம் ஒன்றுமில்லை, எழுதிக்கொள்ளும் வேகத்துக்கே சொல்கிறேன்.

நானும் எப்சிபாவும் பெங்களூரில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். பெரிய நிறுவனங்களில் கணக்குக்கு ஒரு சாஃப்ட்வேர், சரக்குக்கு ஒரு சாஃப்ட்வேர் என்று வைத்திருப்பார்கள். ஒன்று பேசுவது மற்றதற்குப் புரியாது. ஒன்று சென்னையில் இருக்கும், இன்னொன்று வேறு ஏதோ தேசத்தில் இருக்கும். அவை இரண்டையும் தூரத்திலிருந்தே பேச வைப்பதுதான் எங்கள் தொழில். கொரோனா சமயத்தில் ஊருக்கு வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. குத்துக்கல்வலசையில் ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்து இரண்டு மேஜை போட்டு உட்கார்ந்துவிட்டோம். நான் கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். வீட்டில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார்கள். எனக்கு அந்த மாடியும் எதிர் மேஜையில் எப்சிபாவும் போதுமாக இருந்தது.

எங்கள் இருவருக்கும் ஒரே லாகின்தான். அது எப்சிபா பெயரில் இருந்தது. ஆளுக்கொன்று வைத்துக்கொள்வதுதான் முறை. ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுகிறவர்களுக்கு இரண்டு பாஸ்வேர்டு எதற்கு என்பாள் அவள். யார் எதைச் செய்தாலும் கம்ப்யூட்டரில் எப்சிபா செய்ததாகத்தான் பதிவாகும். நேற்று நான் சொல்லாமல் விட்டது முதலில் இதைத்தான்.

அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் வேலை எங்களுக்கு ஆனி மாதத்தில் வந்தது. அவர்கள் ஸ்டோரில் ஒரு மருந்து குறைந்தால், திருநெல்வேலியில் இருக்கும் மருந்துக் கிடங்குக்கு ஆர்டர் தானாகவே போக வேண்டும். யாரும் போன் பண்ண வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் வெளிநாட்டில் படித்தவர்தான், ஆனாலும் ஆடி பிறப்பதற்குள் தொடங்கிவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அதோடு, முதல் ஆர்டர் மருந்தாக இருக்கக் கூடாது, இனிப்பாக இருக்க வேண்டும், குளுக்கோஸில் போணி ஆகட்டும் என்றும் சொல்லிவிட்டார். ஸ்டோர் பார்க்கும் நமசிவாயம் அண்ணாச்சி கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். எப்சிபா ஜெபம் பண்ணிவிட்டுப் பட்டனை அழுத்தினாள். மறுநாள் லாரியில் குளுக்கோஸ் பெட்டிகள் வந்து இறங்கின. போணி நன்றாக ஆகிவிட்டது என்று எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள். அதன்பிறகு அந்தக் கனெக்ஷனைச் சந்தேகப்பட யாருக்கும் தோன்றவில்லை. எங்கள் ஊரில் போணி சரியாக ஆகிவிட்டால் வியாபாரத்தைப் பற்றிக் கவலைப்பட மாட்டார்கள்.

அந்த வாரமே நானும் எப்சிபாவும் ஐந்தருவிக்குப் போனோம். பெண்கள் பக்கம் கூட்டம் குறைவுதான். குளித்துவிட்டு ஈரத்தலையோடு மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தபோது, விசா வந்துவிட்டது என்றாள். அவளுக்குக் கல்யாணமாகி ஆறேழு மாதம்தான் இருக்கும். மாப்பிள்ளை பெஞ்சமின் அயர்லாந்தில் நர்ஸ். என்றைக்காவது போவாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்திருப்பது வேறு, பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு அதைக் கேட்பது வேறு. அவள் என் தோளில் கை போட்டாள்.

“எங்கன இருந்தா என்னட்டி செல்வி? நாம பாக்குத வேலையே அதான? கனெக்ஷன் போட்டா பக்கத்து மேசைதான்.”

இரண்டு கம்ப்யூட்டர்களைப் பற்றி வாடிக்கையாளரிடம் சொல்கிற வார்த்தையை என்னிடம் சொன்னாள். அது எனக்கு வலித்தது. வலித்தது என்பதை அவளிடம் அன்றே சொல்லியிருக்கலாம்.

ஆஸ்பத்திரியோடு போட்ட ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு. கனெக்ஷனில் ஏதாவது பழுது வந்தால், அதை அமைத்தவர் தீபாவளிவரை நேரில் வந்து பார்க்க வேண்டும். அமைத்தவர் என்று எப்சிபாவின் பெயர்தான் இருந்தது. ஒரு சின்னப் பழுது வந்தால் அவள் தீபாவளிவரை இருப்பாள் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன், மேடம். யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை.

கிடங்கில் இரண்டு மெஷின்கள் உண்டு. ஒன்று நிஜமாக வியாபாரம் நடப்பது. மற்றது புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் பழகுவதற்காக, பார்க்க அச்சு அசலாக அதே மாதிரி வைத்திருப்பது. பழகும் மெஷினுக்கு ஆர்டர் போனால் அதுவும் நம்பர் கொடுக்கும். பழகுகிறவர்களுக்காகச் சற்று நேரத்தில் ‘அனுப்பப்பட்டது’ என்றும் தானே காட்டும். ஆனால் ஒரு பெட்டிகூட நகராது. ஆரம்பத்தில் அந்த மெஷினில்தான் நாங்கள் சோதித்துப் பார்த்தோம். நான் கனெக்ஷனைத் திறந்து, நிஜ மெஷினின் முகவரியை எடுத்துவிட்டுப் பழகும் மெஷினின் முகவரியைப் போட்டேன். சோதனைப் பட்டனை அழுத்தினால் பச்சை விளக்குதான் எரியும். எதிர்முனையில் ஆள் இருக்கிறது என்பதற்குத்தான் அந்தப் பச்சை. எந்த ஆள் என்று அது சொல்லாது.

கையுறை, பஞ்சு, பிளாஸ்திரி இவைதான் முதலில் தீரும் என்று எதிர்பார்த்தேன். அப்படியேதான் ஆனது. நமசிவாயம் அண்ணாச்சி பக்கத்து மெடிக்கலில் வாங்கிச் சமாளித்தார். பிறகு எங்களுக்குப் போன் பண்ணினார். எப்சிபா துணி எடுக்கப் போயிருந்தாள். நான்தான் பேசினேன். ஆர்டர் எல்லாம் போயிருக்கிறது, சரக்கு மட்டும் வந்து சேரவில்லை என்றார். பாம்புக்கடி மருந்து வேறு குறைவாக இருக்கிறது, நாற்று நடும் நேரம், கிடங்குக்கே ஒரு போன் போட்டுக் கேட்கட்டுமா என்றார். சீசன் நெரிசலில் லாரி தாமதமாகும், நானே கிடங்கில் கேட்டுக்கொள்கிறேன் என்று சொன்னேன். நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றே எல்லாம் சரியாகியிருக்கும். யாரோ ஒருவர் ஐந்து நிமிடத்தில் சரிபண்ணிவிட்டால் அது பழுதே இல்லை, எப்சிபா பெட்டி கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். புகார் பெரிய டாக்டரிடமிருந்து எழுத்தில் வர வேண்டும் என்று காத்திருந்தேன். எதற்கும் ஒரு முறை இருக்கிறது அல்லவா.

கடற்கரை என்பவரை எனக்கு முன்பின் தெரியாது. கீழப்பாவூர்க்காரர். காலையில் மடை திறக்கப் போனவரை வரப்பில் பாம்பு கடித்துவிட்டது. அவர் மனைவி குருவம்மாள் யாரோ ஒருவருடைய ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டார். சரியான நேரத்துக்குத்தான் கொண்டுவந்தார். அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். தாமதமாகக் கொண்டுவந்தார் என்று ஊரில் பேசுகிறார்கள், அது பொய். டாக்டர் இருந்த மருந்தை ஏற்றிவிட்டார். இன்னும் தேவைப்பட்டது. திரையைப் பார்த்தால் ‘அனுப்பப்பட்டது’ என்றிருந்தது.

அன்று எப்சிபா ஆபீசுக்குப் பெட்டியோடு வந்திருந்தாள். சுண்டவத்தலும் இட்லிப்பொடியும் அடுக்கி, பெட்டியைத் தூக்கித் தூக்கிக் கனம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். போன் என் மேஜையில் அடித்தது.

“அம்மா, பாம்புக்கடி கேசு வந்திருக்கு,” என்றார் அண்ணாச்சி. “மருந்து லாரி எங்கன வருதுன்னு பாத்துச் சொல்லுங்க. பக்கத்துல வருதுன்னா இங்கனயே வச்சுப் பாக்கலாம்னு டாக்டர் சொல்லுதாரு. இல்லன்னா இப்பமே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிரணும்.”

லாரி இல்லை என்று உலகத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். எப்சிபா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். லாரி இல்லை என்று வாய்விட்டுச் சொன்னால், ஏன் இல்லை என்று அவள் கேட்பாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல என்னால் முடியவில்லை.

“ஆலங்குளம் தாண்டிட்டு அண்ணாச்சி. அரை மணி நேரத்துல வந்துரும்,” என்றேன்.

என்னட்டி என்று எப்சிபா கேட்டாள். லாரி லேட்டாம் என்றேன். சரி என்று பெட்டியை மறுபடி திறந்து, எதையோ எடுத்து வெளியே வைத்தாள்.

அவர்கள் என் வார்த்தையை நம்பிக் காத்திருந்தார்கள். அண்ணாச்சி ரோட்டுக்கே வந்து நின்று பார்த்தாராம். பிறகு டாக்டர் பொறுக்கமாட்டாமல் ஆம்புலன்ஸில் ஏற்றினார். சாலை முழுக்கக் குற்றாலத்துக்குப் போகிற வேன்கள். கடற்கரை போய்ச் சேருவதற்கு முன்பே இறந்துவிட்டார். செய்தி வந்ததும் நான் முகவரியைப் பழையபடி மாற்றி வைத்தேன். இரண்டு மாற்றமும் எப்சிபாவின் பெயரில் பதிவாகியிருந்ததை நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள். என்னிடம் கேட்டபோது, திரையில் இருந்ததைப் பார்த்து ஆலங்குளம் என்று குத்துமதிப்பாகச் சொன்னேன் என்றேன். திரையில் அனுப்பப்பட்டது என்றுதானே இருந்தது. நீங்களும் நம்பினீர்கள்.

எப்சிபாவும் நம்பினாள். முதலில், “குளுக்கோஸ் வந்துச்சேட்டி, அப்பம் சரியாத்தான இருந்துச்சு?” என்று என்னையே கேட்டாள். குளுக்கோஸ் வந்தபிறகு ஒருமுறை நீ எதையோ திருத்தத் திறந்தாயே, ஞாபகமில்லையா என்றேன். யோசித்தாள். ஆமாம் என்றாள். ஆள் செத்தபிறகு முகவரி மறுபடி எப்படிப் பழையபடி மாறியது என்று அவள் கேட்கவில்லை; பதற்றத்தில் தானே மாற்றியிருப்போம் என்று நினைத்துக்கொண்டாள். நான் சொன்னால் அவள் எதையும் நம்புவாள். அத்தனை நெருக்கம் எங்களுக்கு.

அவள் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டீர்கள். அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். தினமும் என் வீட்டுக்கு வருவாள், நான் பிசைந்து ஊட்டினால் நாலு வாய் வாங்குவாள். கீழப்பாவூருக்குப் போய்க் காலில் விழ வேண்டும் என்றாள். தனியாக எப்படி அனுப்புவது என்று நானும் கூடவே போனேன். குருவம்மாள் ஓலைப்பாயில் உட்கார்ந்திருந்தார். எப்சிபா அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“நீ வேணுமின்னா செஞ்ச தாயி? அந்த மெஷினு செஞ்சதுக்கு நீ என்ன பண்ணுவ,” என்றார் அவர். பிறகு எங்கள் இருவருக்கும் செம்பில் தண்ணீர் கொடுத்தார். நானும் வாங்கிக் குடித்தேன். அந்தத் தண்ணீர் இன்னும் நெஞ்சில் நிற்கிறது, மேடம். கடற்கரைக்காக நான் அழாத நாள் கிடையாது. இதை எழுதிக்கொண்டாலும் சரி, விட்டாலும் சரி.

இப்போது எப்சிபாவின் வக்கீல், இது வெறும் கவனக்குறைவுதான் என்று வாதாடி பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கிவிட்டார். நேற்று நீங்களும், வழக்கு இத்தோடு முடிகிற மாதிரிதான் என்றீர்கள். பெஞ்சமின் டிக்கெட் போட்டுவிட்டார். அடுத்த வாரம் விமானம். நேற்று உங்களிடமிருந்து போய் அவளைப் பார்த்தேன். பெட்டியைத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தாள். செய்யாத தப்பைச் சுமந்துகொண்டு என் எப்சிபா கடல் தாண்டிப் போகக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. அதனால்தான் வந்தேன். அவளுக்காகத்தான் வந்தேன்.

முகவரியை மாற்றியது நான். லாரி வருகிறது என்று சொல்லி அந்த மனிதரைச் சாகவிட்டது நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். என்மேல் புதிதாக வழக்குப் போடுவீர்கள், அதில் எப்சிபாதானே முதல் சாட்சி? விசாரணை முடிகிறவரை அவள் ஊரைவிட்டுப் போக முடியாது, இல்லையா மேடம்?