நூத்துல ஒருத்தர்

— மூணு மாசமா மாத்திரையைத் தொடவே இல்ல, டாக்டரம்மா. எனக்கு என்ன ஆயிடுச்சு? கல்லு மாதிரி இருக்கேன். இதைவிடவா ஆதாரம் வேணும்? ஏம்மா, நீயே சொல்லேன்.

— எங்க வீட்டுக்காரர் நல்லாத்தான் இருக்காரு, டாக்டர்.

— நீங்க ஒருத்தர் ஆதாரம் ஆக மாட்டீங்கய்யா. போன தடவையே சொன்னேனே. உங்களை மாதிரி இதயத் துடிப்பு தாறுமாறா இருக்கிற நூறு பேரை மாத்திரை இல்லாம விட்டா, வருஷத்துக்கு அஞ்சு பேருக்குப் பக்கவாதம் வருது. மாத்திரை போட்டா ரெண்டு பேருக்குத்தான்.

— மீதி தொண்ணூத்தஞ்சு பேர்ல நான் ஒருத்தன். விடுங்க.

— அந்த அஞ்சு பேரும் அப்படித்தான் நினைச்சிருப்பாங்க.

— அந்த மாத்திரையைப் போட்டா ரத்தம் சீக்கிரம் உறையாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? நான் தச்சு வேலைக்காரன். உளி வழுக்காத நாள் உண்டா? ரத்தம் நிக்காம பட்டறையிலயே போய்ச் சேரணுமா?

— கீறலுக்கெல்லாம் அப்படி ஆகாது. நிக்கக் கொஞ்சம் நேரம் ஆகும். பெரிய ரத்தக்கசிவு நூத்துல ரெண்டு மூணு பேருக்கு வரலாம், அதை நான் மறைக்கல. ரெண்டையும் எடை போட்டு முடிவு பண்ண வேண்டியது நீங்க.

— பண்ணியாச்சு. வேணாம்.

— சரி. சட்டைக் கையை மடக்குங்க, பிரஷர் பாத்துடுவோம். இது என்னங்க, இவ்வளவு பெருசா கன்றிப் போயிருக்கு?

— பலகை இடிச்சது.

— மேல இன்னொண்ணும் இருக்கே. பல் விளக்கும்போது ரத்தம் வருதா?

— லேசா வரும். வயசாச்சில்ல.

— மாத்திரையே போடாதவருக்கு இப்படி வரக்கூடாது. ரத்தத்துலயே ஏதாவது நோய் இருக்கலாம். இன்னைக்கே சேர்ந்துடுங்க. தேவைப்பட்டா எலும்புக்குள்ள ஊசி விட்டும் பாக்கணும்.

— எலும்புக்குள்ளயா? ஏம்மா, நீ ஏன் இப்படி முழிக்கிற?

— ஊசியெல்லாம் வேணாம், டாக்டர். இவருக்கு அப்படி ஒரு நோயும் இல்ல. ரெண்டு வேளையும் டீயில நான்தான் பொடி பண்ணிப் போட்டேன்.

— என்னத்தை?

— டாக்டர் எழுதிக் குடுத்து, நீங்க கசக்கிப் போட்ட சீட்டுல இருந்த மாத்திரையைத்தான். பயமா இருந்துச்சுங்க. எங்க அண்ணன் வாய் கோணிப் படுத்ததைப் பாத்தவ நான்.

— தப்பும்மா. அது அவர் உடம்பு. இது தெரியாம அவரு வேற மருந்து ஏதாவது சேர்த்துப் போட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்? ஐயா, இனிமே உங்களுக்குத் தெரியாம எதுவும் நடக்காது. வேணாம்னா இன்னையோட நிறுத்திடலாம்.

— இரு. போன மாசம் கட்டைவிரல்ல உளி இறங்குச்சே, அன்னைக்கும் குடுத்தியா?

— குடுத்தேன். ரத்தம் நின்னுச்சான்னு வந்து வந்து பாத்தேன்ல.

— நின்னுச்சு. டீயில சர்க்கரையை அள்ளி அள்ளிக் கொட்டும்போதே நான் சந்தேகப்பட்டிருக்கணும்... நாளையிலேருந்து பொடி பண்ணாதே. முழுசா என் கையில குடு.