கிராஞ்சிக் காட்டு மரவில்லை

அழகப்பன்: கதவைச் சாத்துங்க முகைதீன் பாய். யாராச்சும் பாத்துடப் போறாங்க.

முகைதீன்: கறிக்கடைக் கதவைச் சாத்தினா யாவாரம் என்னாவுறது கிராணியாரே? வழக்கம்போல துரை வீட்டு நாய்க்கு ஈரல்தானே? இளசா எடுத்து வச்சிருக்கேன்.

அழகப்பன்: மெதுவா பேசுங்க... இன்னிக்கு ஈரல் வேணாம்.

முகைதீன்: எலும்பு வேணாம், ஈரல் மட்டும் போதும்னு சொல்ற நாயை சிராங்கூன் ரோட்டுலயே இப்பத்தான் பாக்குறேன். இன்னிக்கு அதுக்கும் விரதமா?

அழகப்பன்: கிண்டலை விடுங்க. அந்தப் பழைய வெட்டுக்கட்டை...

முகைதீன்: ஆமா, புளியங்கட்டை. நடுவுல குழி விழுந்துடுச்சுன்னு விறகுக்குப் போட இருந்தேன், நீங்கதான் ரிக்‌ஷாவுல ஏத்திட்டுப் போனீங்க. அதுக்கென்ன?

அழகப்பன்: அது இப்ப நம்ம சைவ சபையில இருக்கு. சாமி படத்துக்கு முன்னாடி.

முகைதீன்: சாமி முன்னாடியா?

அழகப்பன்: ஆமா பாய், அதுல விளக்கு ஏத்தி வச்சிருக்காங்க.

முகைதீன்: விளக்கா? எத்தனை ஆட்டைப் பாத்த கட்டை அது. உங்களை அதைச் சபைக்கா கொண்டுபோகச் சொன்னேன்?

அழகப்பன்: நான் வீட்டுக்குத்தான் கொண்டுபோனேன். தங்ளின்ல, நான் குமாஸ்தா வேலை பாக்குற ஆபீசு துரை வீட்டுக் கூடத்தை நீங்க பாக்கணும். மரத்தைக் குறுக்கால வட்ட வட்டமா அறுத்து, பட்டைகூட உரிக்காம செவுத்துல மாட்டியிருக்காங்க. காட்டு அலங்காரமாம். துரைசானி தன் கையாலேயே செஞ்சதாம்.

முகைதீன்: விறகையா மாட்டி வச்சிருக்காங்க?

அழகப்பன்: நாம மாட்டினா விறகு. அவங்க மாட்டினா அலங்காரம். இதை வீட்டுக்காரி சரஸ்வதிகிட்ட சொல்லித் தொலைச்சேன். நம்ம வீட்லயும் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னா. மரக்கிடங்குல கேட்டா, வெடிப்பில்லாத மரவில்லை கிடைக்காதுன்னுட்டான். அப்பத்தான் உங்க கட்டை ஞாபகம் வந்துச்சு.

முகைதீன்: சம்சாரத்துக்கிட்ட என்னான்னு சொன்னீங்க?

அழகப்பன்: கிராஞ்சிக் காட்டு மரம்னு.

முகைதீன்: அடேயப்பா. கிராஞ்சி எந்தப் பக்கம்னாச்சும் உங்களுக்குத் தெரியுமா?

அழகப்பன்: அவளுக்கும்தான் தெரியாது. சீன ஆசாரி அறுத்துக் கொடுத்தான். சும்மா சொல்லக்கூடாது பாய், சரஸ்வதி என்னமா செஞ்சா தெரியுமா. உப்புத்தாள் போட்டுத் தேய் தேய்னு தேய்ச்சு, தேன்மெழுகைத் தேங்காயெண்ணெயில உருக்கித் தடவி, கம்பியைப் பழுக்கக் காய்ச்சி ஓரமெல்லாம் கொடி வரைஞ்சா. சின்ன வில்லைங்களை டம்ளருக்கு அடியில வைக்க ஆச்சு. மேல்வில்லையைத்தான் கண்ணெடுக்காம பாத்துட்டே இருந்தா. ஒருநாள் நான் ஆபீசுக்குப் போயிருக்கேன், அதைத் தூக்கிட்டுப் போயி சபைக்குக் காணிக்கையா கொடுத்துட்டா.

முகைதீன்: வேணாம்னு திருப்பி வாங்க வேண்டியதுதானே?

அழகப்பன்: ஏன் வேணாம்னு கேப்பாளே... என்னத்தைச் சொல்லச் சொல்றீங்க?

முகைதீன்: அதுவும் சரிதான்.

அழகப்பன்: விளக்கு வைக்கத் தானாவே குழி அமைஞ்சிருக்குன்னு ஒரே புகழ்ச்சி. உங்க கத்தி விழுந்த கோடெல்லாம் மரத்தோட ரேகையாம். ஒருத்தர் அதுல ஓம்காரமே தெரியுதுன்னுட்டார்.

முகைதீன்: அது தொடைக்கறி வெட்டின கோடுங்க.

அழகப்பன்: எனக்குத் தெரியாதா? நேத்து விளக்குச் சூடு ஏற ஏற, உள்ள ஊறியிருந்த கொழுப்பு கசிய ஆரம்பிச்சிருச்சு. தெருவுல இருக்கிற பூனையெல்லாம் உள்ள வந்து வரிசையா உக்காந்துக்கிச்சு. வாயில்லாச் சீவனுக்கு எவ்வளவு பக்தின்னு சரஸ்வதிக்குக் கண்ணு கலங்கிடுச்சு. நான்தான் ஒவ்வொண்ணா வெரட்டிட்டிருந்தேன்.

முகைதீன்: சபைக்காரங்க மோந்து பாக்கலையா?

அழகப்பன்: அதான் அதிசயம். கமிட்டி ஆளுங்க ஒவ்வொருத்தரா கிட்ட வந்து குனிஞ்சு பாத்தாங்க. ஓரத்துல ஒரு செதில் பேந்திருக்கே, அதைத் தடவினாங்க. அப்புறம் அவசரமா கும்பிட்டுட்டு நகந்துட்டாங்க.

முகைதீன்: எல்லாருமா?

அழகப்பன்: எல்லாரும்தான். ஏன் சிரிக்கிறீங்க?

முகைதீன்: ஒண்ணுமில்ல... நீங்க மேல சொல்லுங்க.

அழகப்பன்: தலைவர் பரமசிவம் ஐயாதான் ரொம்ப நேரம் பாத்தார். எந்தக் காட்டு மரம்னு கேட்டார். கிராஞ்சின்னேன். விசாரிக்கிறேன்னுட்டுப் போயிட்டார். பாய், வர்ற வெள்ளிக்கிழமை அவர் மகனுக்கும் என் மக கண்மணிக்கும் நிச்சயம். வெங்காயம் வெட்டின கத்தியைக்கூடத் தொடாத வீடு அது. இது கறிக்கட்டைன்னு தெரிஞ்சா அந்தப் புள்ளை கல்யாணம் நின்னுடும். அவளும் அந்தப் பையன் மேல உசிரா இருக்கா. என்னால தாங்க முடியாது பாய்.

முகைதீன்: நான் என்ன செய்யணும்?

அழகப்பன்: அவர் வந்து கேட்டா, எனக்குக் கட்டையே கொடுக்கலைன்னு சொல்லணும்.

முகைதீன்: பொய் சொல்ல மாட்டேன். வாயை மூடிக்கிறேன். இந்தக் கடை நடக்குறதே அதுலதான்... அந்தா, குடையை மொகத்துக்கு நேரா புடிச்சிட்டு ஒருத்தர் வர்றாரே, அது உங்க தலைவர்தானே?

அழகப்பன்: ஐயோ. போச்சு.

முகைதீன்: அந்தச் சாக்குத் திரைக்குப் பின்னாடி போங்க. ஆட்டுத்தோல் காயுது, மூக்கைப் பொத்திக்கங்க.

பரமசிவம்: யாரும் இல்லையே, பாய்?

முகைதீன்: நாலு தொடை தொங்குது. வேற யாரையும் காணோம். வாங்க ஐயா.

பரமசிவம்: உன் பழைய கட்டை எங்க?

முகைதீன்: தேஞ்சு போச்சுன்னு தள்ளிட்டேன்.

பரமசிவம்: யாருக்குத் தள்ளினே?

முகைதீன்: என் கடைக்கு வர்றவங்க பேரு என் வாயில வராதுன்னு உங்களுக்குத் தெரியாதா?

பரமசிவம்: அது சபையில இருக்கு பாய். விபூதிப் பட்டை, பூ, கொடி எல்லாம் போட்டு ஜோடிச்சு வச்சிருந்தாலும் எனக்குத் தெரியாம போயிடுமா? ஓரத்துல அந்தச் செதில்... போன தீபாவளிக்கு மறுநாள் எனக்குத் தொடை வெட்டும்போதுதானே கத்தி தவறிச்சு?

முகைதீன்: ஆமா. நெஞ்செலும்பு கூடப் போடச் சொன்னீங்க.

பரமசிவம்: மெதுவா பேசு. இது கறிக்கட்டைன்னு நான் சொன்னா, உமக்கெப்படித் தெரியும்னு கேப்பாங்க. சொல்லாம இருந்தா சாமி முன்னாடி... தூக்கமே போச்சு பாய். எந்த மடையன் வித்தானோ. அழகப்பன் பாவம், சுத்த சைவம். அவனை எவனோ ஏமாத்தி...

அழகப்பன்: ஹ்ச்...

பரமசிவம்: என்ன அது?

முகைதீன்: ஆடு ஐயா.

பரமசிவம்: ஆடு தும்முமா?

அழகப்பன்: ஹச்சூ... மன்னிக்கணும் தலைவரய்யா. தோல் வாடை.

பரமசிவம்: அழகப்பா... நீ எங்க இங்க?

அழகப்பன்: துரை வீட்டு நாய்க்கு... ஈரல். நீங்க ஐயா?

பரமசிவம்: எங்க வீட்டுக் காவல் நாய்க்கு.

முகைதீன்: ரெண்டு நாயும் நல்ல நாய். ஒருநாளும் குரைச்சுக் கேட்டதில்ல.

அழகப்பன்: ஐயா... வெள்ளிக்கிழமை?

பரமசிவம்: வெள்ளிக்கிழமைக்கு என்ன? நிச்சயம் நிச்சயம்தான். என் மகன் கண்மணியைத் தவிர வேற பொண்ணைப் பாக்க மாட்டேங்கிறான்.

அழகப்பன்: அந்த மரவில்லை?

பரமசிவம்: புது விளக்குமேடை ஒண்ணு உபயமா நான் தர்றேன், இன்னிக்கே. அது வந்ததும் இதை எடுத்துட்டுப்போயி உன் வீட்டுக் கூடத்துல மாட்டிக்க. கேட்டா, கிராஞ்சிக் காட்டு மரம்.

அழகப்பன்: கமிட்டி ஆளுங்க ஏதும் கேட்டா?

முகைதீன்: அவங்க கேக்க மாட்டாங்க கிராணியாரே. அத்தனை பேரும் நாய் வளக்குறவங்க.

அழகப்பன்: அத்தனை பேருமா?

முகைதீன்: பேரு சொல்ல மாட்டேன்னேனே. சரி, சம்பந்திங்க ஆயிட்டீங்க. இனிமே ரெண்டு நாய்க்கும் ஒரே பொட்டலமா கட்டிடவா?

பரமசிவம்: வேணாம், தனித்தனியாவே கட்டு. சம்பந்தி வீட்டு நாய்க்கு ஈரல். எங்க நாய்க்கு நெஞ்செலும்பைச் சின்னதா தட்டிப் போடு பாய்... அது மிளகு போட்டு ரசம் வச்சாத்தான் குடிக்கும்.